குழாயில் வராத குரல்கள்

நம் யூடியூப் சேனலில் சேர்ந்ததுமே யாராவது உங்களுக்கு அந்த வீடியோத் துண்டைக் காட்டியிருப்பார்கள். ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் தொங்கும் குழாய் ஸ்பீக்கரைக் காட்டி, "கோரஸ்னு போட்டுக்கினு இருக்காங்களே, ஆளு எங்க? வாய மட்டும் அசைச்சிட்டு எறங்கிப் போய்ட்டாங்களா?" என்று கேட்பாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அதோடு முடிந்துவிடும். நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிழவி நான்தான்.

நீங்கள் மூன்று பேர் புதிதாக வருகிறீர்கள். வருஷக் கடைசியில் பவர் மெட்டல், சிம்ஃபொனிக் மெட்டல் ஆல்பங்களில் எது எது நல்லது என்று உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிற வேலை இனி உங்களுடையது. உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி, சேனலை நடத்துகிற கதிர் கேட்டான். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். உங்கள் காது என் காதைவிட இளசு. அந்த வீடியோத் துண்டில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் சுத்தமாக வராது. நான் சொல்லச் சொல்ல, கதிரோடு சேனலை நடத்துகிற பெனிட்டா எழுதுகிறாள். "உன் தமிழ்ல சரியா எழுதிக்கோ, நான் சொல்லாதத மட்டும் சேக்காத" என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பரிந்து ஒரு வரி சேர்த்திருந்தாள். படித்துக் காட்டச் சொல்லி அதை எடுக்க வைத்தேன்.

என் தொழில் மைக்செட். வடக்கனந்தலில் எங்கள் மைக்செட் கட்டாத திருவிழா கிடையாது. மாதா கோயில் கொடியேற்றம், கூழ் ஊற்றுகிற விழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் எங்களுடையதுதான். வீட்டுக்காரர் போன பிறகும் நான் நடத்தினேன். கம்பத்தில் ஏறித்தான் குழாய் கட்டவில்லை, மற்ற எல்லாம் செய்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான்.

எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சங்கராபுரத்துப் பெரியவர் ஒருவர். கல்யாணம் ஆன புதிதில் நானும் வீட்டுக்காரரும் அவரிடம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பிரசங்கம் செய்ய வந்த ஐயாவின் குரல் கரகரவென்று பிசிறடித்தது. ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். "அந்த ஆளுக்குத் தொண்டையே சரியில்ல" என்று நான் சொன்னேன். பெரியவர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தகடு கிழிந்திருந்தது. அதை மாற்றிவிட்டுக் கமுக்கமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் மேடையேறி மைக்கை வாங்கி, "ஐயா கொரல்ல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு எங்க குழாய்ல. மன்னிச்சிக்குங்க" என்று கூட்டத்துக்கே சொல்லிவிட்டு இறங்கினார். எனக்குப் பெருத்த அவமானமாக இருந்தது. ஏன் இப்படி நம் மானத்தை நாமே வாங்க வேண்டும் என்று அன்றைக்கு அவர்மேல் கோபப்பட்டேன்.

கதிரும் பெனிட்டாவும் என்னிடம் வந்தது சத்தத்துக்காக. கதிர் கள்ளக்குறிச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பெனிட்டா சங்கராபுரத்தில் டீச்சர். அவர்கள் பாட்டை வைத்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று, ஊருக்கு வெளியே இருக்கிற எங்கள் மைக்செட் ஷெட்டைக் கேட்டு வந்தார்கள். முதல் நாள் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் அவர்கள் வைத்ததைக் கேட்டு, கரண்டில்தான் ஏதோ கோளாறு என்று மெயின் ஸ்விட்சைப் பார்க்க ஓடினேன். அப்புறம் உட்கார்ந்து கேட்டேன். டிரம்காரன் இரண்டு காலாலும் அடிக்கிறான். பாடுகிறவன் தொண்டை மேலே மேலே ஏறுகிறது. சுற்றி முடித்து எல்லாரும் சேர்ந்து பாடுகிற ஓர் இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அதுதான் பவர் மெட்டல் என்றார்கள். அதற்குப் பின்னால் வயலின் கூட்டமும் பெரிய கோரஸும் வந்து நின்றால் சிம்ஃபொனிக். மாதா கோயிலில் பாடல் பூசை நடக்கும்போது கூரைமேல் இடி விழுந்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

அப்படியே நானும் அவர்களில் ஒருத்தி ஆனேன். அட்டையில் இருக்கிற பெயர் எனக்குப் படிக்க வராது. யார் பாடியது, வெளிநாட்டில் அதை யார் புகழ்ந்தார்கள் என்பதும் தெரியாது. கப்பல் படம் போட்டது, கோட்டை படம் போட்டது, ஓநாய் படம் போட்டது என்றுதான் ஆல்பத்தை அடையாளம் வைத்துக்கொள்வேன். அதனாலேயே கடைசி வார்த்தை என்னுடையது என்று ஆகிவிட்டது. கதிரும் பெனிட்டாவும் வருஷம் முழுக்கக் கேட்டுக் கழித்தது போக மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டை டிசம்பரில் ஷெட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்போம். ஹெட்போனில் கேட்டது கணக்கில் வராது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான். தனியாகக் கேட்கிறவன் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்வான், நாலு பேரோடு கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொன்னேன். அந்தச் சட்டம் இப்போதும் நல்ல சட்டம்தான்.

சேனலை நிறையப் பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசிச் சுற்றை லைவாகவே காட்டினோம். மைக்செட்டம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். எங்கெங்கோ இருந்து, எனக்குப் பெயர் சொல்ல வராத ஊர்களிலிருந்து எழுதினார்கள். தலையில் கனம் ஏறிவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ டிசம்பரில் லைவுக்கு நாள் குறித்துவிட்டோம். அன்று மத்தியானம் கதிர் ஷெட்டுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தான்.

"யம்மா, பாக்ஸ் எங்க?"

"டிசம்பர்ல எந்த மைக்செட்லடா பாக்ஸ் தங்கும்? ஒண்ணு பஜனைக்குப் போயிருக்குது, ஒண்ணு கிறிஸ்துமஸ் குடில் நிகழ்ச்சிக்குப் போயிருக்குது."

"அப்ப லைவ நாளான்னிக்கு வெச்சிக்கலாம். இல்லன்னா ஆளுக்கொரு ஹெட்போன்..."

"ஹெட்போன்ல கேட்டது கணக்குல வராதுன்னு சொன்னது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் இன்னா? குழாய மாட்டு."

பெனிட்டா தயங்கினாள். "குழாய்ல இதெல்லாம் எடுபடாதும்மா."

"உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னலேர்ந்து நான் குழாய் கட்டிக்கினு இருக்கேன். எனக்குச் சொல்ல வந்துட்டா டீச்சரு."

அவள் சிரித்துவிட்டு ஒயர் எடுக்கப் போனாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். குழாய் பேச்சுக்கு ஆனது. மேல் குரலை மைல் கணக்கில் கொண்டுபோகும், அடிக்குரலைக் கீழேயே விட்டுவிடும். மைக்செட்டில் ஒயர் சுற்றுகிறவனுக்குக்கூட இது தெரியும். ஆனாலும் தள்ளிப்போட மனசு வரவில்லை. சொன்ன நேரத்துக்கு நான் உட்காரவில்லையென்றால் காத்திருக்கிற ஜனம் என்ன நினைக்கும் என்று பட்டது.

கப்பல் ஆல்பமும் கோட்டை ஆல்பமும் குழாயிலும் நின்றன. அவற்றில் எல்லா ஆட்டமும் மேல் குரலில்தான். அப்புறம் தமிழில் ஓர் ஆல்பம் வந்தது. ஒரு பெண் பாடினாள். நல்ல குரல். நம் பாஷை என்பதால் இந்தப் பிள்ளைகள் சலுகை காட்டிச் சேர்த்துவிட்டார்களோ என்று எனக்கு உடனே சந்தேகம். சலுகைக்கு மயங்குகிறவள் இல்லை நான் என்று காட்ட நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கோரஸ் வருகிற இடம் வந்தது. ஆம்ப்ளிபையரில் பச்சையாக எரிந்த விளக்கு சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. குழாயில் ஒன்றும் ஏறவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனித்துக் கேளுங்கள். விளக்கு சிவப்பில் ஆடுகிறது என்றால் உள்ளே பெரிய சத்தம் போகிறது என்று பொருள். வெளியே வரவில்லை என்றால் குழாயால் அதைச் சொல்ல முடியவில்லை. அப்படியே விட்டால் குழாய்க்குள் இருக்கிற யூனிட் எரிந்துபோகும். அதனால் மைக்செட்காரர் கை என்ன செய்யும்? அடிக்குரலைக் கூட்டிக் குறைக்கிற பேஸ் குமிழைக் குறைக்கும். என் கை போய்க் குறைத்தது. யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை, கை தானாகப் போனது. விளக்கு பச்சைக்கு இறங்கியது. இருந்த கொஞ்ச நஞ்ச அடிக்குரலும் அதோடு போயிற்று.

அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான், ஆள் எங்கே என்று கேட்டேன்.

சிரித்தார்கள். கதிரின் போனில் ஜனங்கள் எழுதுவது கடகடவென்று ஓடியது. எல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்களின் குரலை நான்தான் அமுக்கியிருக்கிறேன். கதிர் குமிழைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"யம்மா..." என்று ஆரம்பித்தான். அதில் ஒன்றும் தப்பில்லாத மாதிரி மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

சங்கராபுரத்துப் பெரியவர் மேடையேறியது கண்முன் வந்தது. ஒரு வார்த்தை போதும். இருங்க, தப்பு எங்க குழாயில், இதை இன்னொரு நாள் கேட்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்துச் சந்தோஷமாக இருக்கும்போது, அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துக்கொள்ள முடியவில்லை.

"அடுத்தத போடு" என்றேன்.

அந்த ஆல்பம் பட்டியலில் வரவில்லை.

ஒயரைச் சுற்றும்போது கதிர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அதுல ஆளுங்க இருக்காங்கம்மா. ஆறு பேரு. வெள்ளிமலை ஆளுங்க. கோயில்ல தவக்காலத்துக்குச் சிலுவைப்பாதை பாடறவங்க" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன். அதுவும் என் வாயிலிருந்து வந்ததுதான்.

பொங்கல் கழித்து ஒரு மத்தியானம் ஒரு பெண் ஷெட் வாசலில் வந்து நின்றாள். தோளில் பை, நெற்றியெல்லாம் பஸ் புழுதி.

"மைக்செட்டம்மா வூடு இதானுங்களா?"

"ஆமா. எந்த ஊருக்கு, எத்தினி நாளைக்கு வேணும்?"

"வாடகைக்கு வரலீங்க. நான் ஜெயராணி. வாய மட்டும் அசைச்ச ஆளுங்களக் கூட்டியாந்து பாட வெச்சவ."

அந்தத் தமிழ் ஆல்பத்தில் பாடிய பெண்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாளாம், மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறாளாம். போனை எடுத்து லைவை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தி என் முன்னால் நீட்டினாள்.

"இது உங்க கைதானுங்களே?"

"ஆமா."

"இன்னா பண்ணுது அது?"

"பேஸக் கொறைக்குது."

"எதுக்குங்க?"

"யூனிட் எரிஞ்சிடும்னு."

"யூனிட்ட காப்பாத்திட்டீங்க" என்றாள்.

போனைப் பையில் போட்டுவிட்டு மேலே சொன்னாள். அந்த ஆறு பேரும் அன்றைக்கு வெள்ளிமலை டீக்கடையில் ஒரு போனைச் சுற்றி நின்று லைவ் பார்த்திருக்கிறார்கள். ஊரே கூட இருந்திருக்கிறது.

"எங்க தாய்மாமன் அந்தோணி. அதுதான் மத்தவங்களக் கூப்ட்டுக் கூப்ட்டுச் சேத்துச்சு. அதுகிட்ட வந்து, இன்னா மாமா, வாய அசைச்சதுக்கு எத்தினி குடுத்தாங்கன்னு பசங்க கேக்கறானுங்க. சாமை அறுக்கப் போனா அங்கயும் கேக்கறாங்க. நான் போயி, குழாய்ல வராது மாமான்னு எவ்ளோ சொன்னாலும் நம்பமாட்டேங்குது. நம்மளத் தேத்தறதுக்காக இந்தப் புள்ள சொல்லுதுன்னு நெனைக்குது."

"அதுக்கு நான் இன்னாம்மா செய்யணும்?"

"பட்டியல்ல எடம் குடுங்கன்னு நான் கேக்க வரலீங்க. மலைக்கு வந்து நீங்க வாயால சொல்லுங்க. அடுத்த ஆல்பத்துக்குக் கோடையில பாடறதா இருந்தாங்க. இப்ப தவக்காலத்துக்கே வரமாட்டோம்னு உக்காந்துக்கினு இருக்காங்க. அவுங்க இல்லன்னா எங்கிட்ட பாட்டே இல்லீங்க. எல்லாத்தையும் அந்தக் கொரலுமேலதான் கட்டியிருக்கேன்."

அன்றைக்கே அவளோடு பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளையாட்டாச் சொன்ன ஒரு வார்த்தம்மா அது. இதுக்குப் போயி ஆம்பளைங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்குவாங்களா? மலைப்பாதையில குந்திக்கினு வந்தா எனக்கு முட்டி தாங்காது. பாக்கறேன்."

"தவக்காலத்துக்கு முன்ன வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நான் போகவில்லை. முட்டி வலி பொய்யில்லை, ஆனால் அது காரணமில்லை. தெருவில் பார்க்கிறவர்கள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லி, "நல்லாக் கேட்டீங்கம்மா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அந்த மலைக் கோயில் சிலுவைப்பாதையில் பெண்கள் மட்டும் பாடினார்கள் என்று பெனிட்டா சொன்னாள். பாட்டு, ஆல்பம், பட்டியல் எல்லாம் வேறு. அது சாமிக்குப் பாடுகிற பாட்டு. அதில் போய் என் கை பட்டிருக்கிறது.

வைகாசியில் போனேன். நல்ல பாக்ஸ் ஒன்றையும் ஆம்ப்ளிபையரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக, கதிரைக் கூட வைத்துக்கொண்டு. அந்தோணி வீட்டு வாசலில் ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் வயல் வேலைக்காரர்கள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். மரியாதையாக எனக்குத்தான் முதலில் நாற்காலி போட்டார்கள்.

நான் குழாயைப் பற்றிச் சொன்னேன், பேஸ் குமிழைப் பற்றிச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு கதிர் அந்தப் பாட்டைப் போட்டான். குரல் வந்தது. அதற்கு முன்னால் அதை நான் சரியாகக் கேட்டதே இல்லை, அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் இல்லை என்று சொன்ன கோரஸைக் கேட்டுப் பார்க்கக்கூட இத்தனை மாதம் எனக்குத் துணிச்சல் இல்லை. ஜெயராணியின் குரல் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு கீழே அவர்கள் பாரம் தாங்குகிறவர்கள் மாதிரி நின்றார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் அந்தோணி கேட்டார். "நாங்களா இது?"

"நீங்கதான்."

"அப்ப நாங்க பாடியிருக்கோம்."

"பாடியிருக்கீங்க. நல்லாப் பாடியிருக்கீங்க."

"அது தெரியுங்கம்மா. பாடுன எங்களுக்குத் தெரியாதுங்களா? உங்களுக்குத் தெரியலன்னுதான் ஊரு சிரிச்சுது. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. சந்தோசம். அன்னிக்குச் சிரிச்ச ஊரு எங்கீங்க?"

பக்கத்தில் இருந்தவர் தன் போனை எடுத்தார். "எம் மவன் இத்த ரிங்டோனா வெச்சிருக்கான், பாக்கறீங்களா?" என்று அமுக்கினார். என் குரல் வந்தது. ஆளு எங்க என்று நான் அவர்கள் வாசலிலேயே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவரே அதை அணைத்துவிட்டு, "வாங்கம்மா, சாப்புடுங்க" என்றார்.

சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன். பாக்ஸை அவர்களே தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். ஜெயராணி ஜீப் வரைக்கும் வந்தாள். ஒயர்ச் சுருளைக் கதிரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். இறங்கி வரும்போது கதிர், "நாளைக்கே ஒரு சின்ன வீடியோ போட்டுச் சொல்லிடலாம்மா" என்றான். டிசம்பர் லைவில் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லி அதையும் தள்ளினேன். சபையில் சொன்னதைச் சபையில்தான் எடுக்க வேண்டும் என்று பெருமையாக ஒரு காரணம் வேறு சொன்னேன்.

போன டிசம்பர் வந்தது. இந்தத் தடவை பாக்ஸ் இரண்டையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெங்களூரில் பெரிய மேடை போடுகிற ஒருவர், நம் பட்டியலில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற தமிழ்நாட்டு பேண்டுக்கு அந்த மேடையில் இடம் என்று சொல்லியிருந்தார். கடைசிச் சுற்றில் தமிழ்நாட்டு ஆல்பம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜெயராணியின் இரண்டாவது ஆல்பம்.

லைவுக்கு முன்னால் கதிர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "யம்மா, நானும் பெனிட்டாவும் மேல எடம் போட்டுட்டோம். நீங்களும் போட்டா மொதல் எடம். எல்லாம் தீந்துடும்."

எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா? அவள் மேடையேறுவாள், என் பாரமும் இறங்கும். ஒரு நம்பர் சொன்னால் போதும்.

பாட்டைப் போட்டார்கள். பாக்ஸ் தெளிவாகப் பேசியது. ஜெயராணி முன்னைவிட நன்றாகப் பாடியிருந்தாள். அப்புறம் கோரஸ் வந்தது. பெரிய கோரஸ். ஆறு பேர் இல்லை, அறுபது பேர் பாடுகிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆட்கள் சேர்ந்து பாடினால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், ஒருவர் மூச்சுக்கு நிற்கும்போது இன்னொருவர் இழுத்துப் பிடிப்பார். இதில் யாரும் மூச்சு வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் செய்த கோரஸ். ஆட்கள் வரவில்லை, அவள் வேறு என்ன செய்வாள்? யாரும் பாடாத கோரஸ் என்று நான் பழித்தது இப்போது நிஜமாகியிருந்தது. ஆக்கிவைத்தவள் நான்.

கதிர் மைக்கை என் பக்கம் தள்ளினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான், பெனிட்டா வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறாள்.

"இந்த கோரஸ்ல ஆளு இல்ல. இந்தத் தடவ நெஜமாவே இல்ல. போன ஆல்பத்துல இருந்தாங்க. வெள்ளிமலை ஆளுங்க ஆறு பேரு. நான் குழாயில வெச்சி, பேஸக் கொறைச்சிட்டு, ஆளு எங்கன்னு கேட்டு உங்களயெல்லாம் சிரிக்க வெச்சேன். கொறைச்சது என் கை. அன்னிக்கே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. அதனாலதான் அவுங்க இதுல பாடல. அந்த ஆல்பம் மொத மூணுல வந்திருக்கணும். இது அத்தவிடக் கம்மி. நான் அஞ்சாவது எடம் போடறேன்."

கதிர் கையில் இருந்த போனில் எழுத்து ஓடுவது நின்றுவிட்டது. கடைசி வார்த்தை என்னுடையது என்பதுதானே எங்கள் ஏற்பாடு. ஐந்தாவது இடம்தான் நின்றது. பெங்களூர் மேடை வேறு யாருக்கும் இல்லாமலே போயிற்று.

பெனிட்டாவுக்கு என்மேல் கோபம். "உங்க தப்பச் சொன்னது சரிம்மா. ஆனா அந்தப் பொண்ணோட மேடைய எதுக்குப் பறிச்சீங்க? இந்த ஒண்ணுக்கு நான் ஓட்டு போடலன்னு ஒதுங்கியிருக்கலாமே" என்றாள். பிறகு நானும் பல தடவை யோசித்தேன். அவள் சொன்னதுதான் சரியோ என்னவோ. கம்மியான பாட்டைக் கூடுதல் என்று சொல்லி அதில் என் அழுக்கைக் கழுவிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. நஷ்டம் முழுக்க அவளுடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பாடம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஜெயராணி போன் செய்தாள்.

"பெங்களூரு போச்சுங்க."

"போச்சும்மா. என்னாலதான்."

"ரெண்டாவது தடவ."

"ஆமா."

லைனில் பஸ் சத்தம் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"லைவ்வ டீக்கடையில வெச்சி எல்லாரும் பாத்தாங்களாம்" என்றாள்.

"மாமா இன்னா சொன்னாரு?"

"மறுநாளு வந்து, எப்ப பாடணும்னு கேட்டுச்சு."

"மத்தவங்க?"

"வரல. வர மாதிரியும் தெரியல. உங்க வார்த்தைக்கு அப்புறம் இவ்ளோ நாளு ஆயிடுச்சுங்களே."

"ஒரு ஆளு எப்படிம்மா கோரஸ் ஆவும்? அந்தக் கொரலையே ஆறு தடவ பதிஞ்சி..."

"வேணாங்க. ஒரு ஆளு வந்திருக்காரு. ஒரு ஆளாவே வெக்கறேன். கேக்குதான்னு பாருங்க."

வைத்துவிட்டாள்.

நான் பார்க்கப் போவதில்லை. அன்றோடு தீர்ப்புச் சொல்கிற நாற்காலியை விட்டுவிட்டேன். அவள் ஆல்பம் இந்த டிசம்பரில் உங்களிடம் வரும். பாவம் பார்த்து அதை மேலே ஏற்றாதீர்கள். என் கதையை நினைத்துக்கொண்டு கீழேயும் இறக்காதீர்கள். அந்தோணியின் குரல் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லுங்கள், அதைத் தாங்குகிற ஆள்தான் அவர். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.